ஒன்றையும் மறைக்காத விரல்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். யார் வகுப்புக்கு வராவிட்டாலும் பத்து மணிக்குள் அவர்கள் வீட்டுக்குப் போன் போட்டுவிடுவேன். அதில் எனக்கு அப்படியொரு பெருமை! பத்தாம் வகுப்பு செல்வி வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டாள். அவளுடைய அப்பாவோ போனை எடுப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். திமிர் என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை, மேலகரத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்கே போய்விட்டேன்.

அம்மா, அப்பா இருவருக்குமே காது கேட்காது, பேச்சும் வராது என்று அங்கேதான் தெரிந்தது.

"பள்ளிக்கூடத்து நம்பரப் பாத்தா மரியாதைக்கு எடுத்துருவாவ சார். நீங்க சொல்லுங்க, நான் சைகைல சொல்லுதேன்" என்றாள் செல்வி.

வந்த வேகத்தில் கொட்டிவிட்டேன். அடிக்கடி லீவு, கேட்டால் காய்ச்சல் என்று பொய், இப்படியே போனால் பரீட்சை எழுத முடியாது. அவள் விரல்கள் ஓடின. 'பொய்' வந்த இடத்தில் ஒரு நொடி நின்றன. பிறகு அதையும் சொல்லின. அப்பாவின் முகம் மாறியது. வேகமாகக் கைகளை அசைத்தார்.

"ஏன் பொய் சொன்னேன்னு கேக்காவ சார். அம்மாவுக்காக டாக்டர்ட்ட பேச நாந்தான போணும்? அதச் சொன்னா கிளாஸ்ல கேலி பண்ணுவாளுவ."

அன்றிலிருந்து அவள் அப்பாவும் நானும், செல்வி நடுவில் இருந்து சைகையில் சொல்ல, வீடியோ காலில்தான் பேசிக்கொண்டோம். டாக்டரைப் பார்ப்பதும் மாலைக்கு மாறிவிட்டது.

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், 'நான் நல்லாப் படிக்கிறேன்னு சார் சொல்லுதாவ' என்று கையை ஆட்டியிருப்பேன். அங்கே யாருக்குத் தெரியப்போகிறது?