மாமனார் முகத்தில் காய்ந்த நெல்

போன செவ்வாய்க்கிழமை மதியம், பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் மாமனாரின் முகத்தை மிதித்தேன்.

மிதிக்கச் சொன்னவர் அவர்தான். இருந்தாலும் மிதித்தது என் கால் அல்லவா? அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. உங்களிடம் சொன்னாலாவது பாரம் குறையுமா பார்க்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் நான்தான். ஆழ்வார்திருநகரிப் பக்கம் மாமாவுக்கு நிலம். பல வருடமாக வாழைதான். நெல் விதைக்கு மானியம், விளைந்ததை அரசே வாங்கிக்கொள்ளும் என்றெல்லாம் படித்துவிட்டு, "நெல் போடுங்க மாமா" என்று ஒரு வருடமாக நச்சரித்தேன்.

"படிச்ச பிள்ள சொல்லுத. ஒரு துண்டுல மட்டும் போட்டுப் பாக்கேன். சரிப்படலன்னா மறுபடி வாழைதான், பாத்துக்கோ" என்றார்.

விதை மானியத்துக்கு நானே விண்ணப்பித்தேன். போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று மறுநாள் இன்னொரு தடவையும் விண்ணப்பித்தேன். வேளாண்மை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "ஒரு ஆளுக்கு ஒரு தடவை போதும்மா."

நெல் விளைந்தது. எட்டு மூட்டை. தூத்துக்குடியிலிருந்து மூன்று வயது மகள் நிலாவைத் தூக்கிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்கே போய் நின்றேன். கணவருக்கு துறைமுகத்தில் டூட்டி. அவர் இருந்திருந்தால் என்னைப் போக விட்டிருக்க மாட்டார்.

நெல்லில் ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். அங்கிருந்த எழுத்தர் ஒரு பிடி நெல்லை மீட்டரில் போட்டார். நிலாவுக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை எப்படிப் பார்ப்பேனோ, அப்படிப் பார்த்தேன்.

"பதினெட்டு. இன்னும் காயணும் அண்ணாச்சி" என்றார் மாமாவிடம்.

சிமென்ட் தளம் முழுக்க மற்றவர்கள் நெல். வானத்தில் மேகம். வாசலில் ஒரு தனியார் வியாபாரி, "என்ட்ட தாங்க அண்ணாச்சி, ஈரம் கீரம் பாக்க மாட்டேன்" என்று பாதி விலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமா அவரையும் மேகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாயங்காலம் வரை பாப்போம். இல்லன்னா இவருட்ட தள்ளிட்டு வாழைக் கட்டை வாங்கி நடப் போயிருவேன்."

உடனே என் அப்பாவுக்கு போன் செய்தேன். தருவைகுளம் போகிற வழியில் அப்பாவுக்கு உப்பளம் இருக்கிறது. காய வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் உண்டா?

லோடு ஆட்டோவில் பெரிய தார்ப்பாயும், உப்பு வாருகிற பலகையுமாக ஜம்மென்று வந்து இறங்கினார் அப்பா. "சம்பந்தி, நீங்க நிழல்ல உக்காருங்க. வெயில் நம்ம வீட்டு ஆளு." நெல்லைப் பரப்பி, பலகையால் இழுத்து இழுத்துக் கிளறினார். பார்க்கவே அழகாக இருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து மீட்டர் சொன்னது — பத்தொன்பது.

வெயிலில் போட்ட நெல்லுக்கு ஈரம் ஏறுமா? எழுத்தர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். மாமா நாலு நெல்லை எடுத்துக் கடித்தார். காய்ந்த நெல் 'கடுக்'கென்று உடையும், அதைப் பார்க்கத்தான். மெல்ல அவர் முகம் மாறியது.

"சம்பந்தி... இந்த அரிசிக்கு உலையில உப்பு போட வேண்டாம் போலுக்கே."

தார்ப்பாயின் மடிப்பிலெல்லாம் உப்பு. பலகையிலும் உப்பு. அது இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அப்பா தலையைச் சொறிந்தார். "உப்பு மூடுத தார்ப்பாயில உப்பு இல்லாம என்ன சீனியா இருக்கும்?"

கூப்பிட்டது யார்? நான். எல்லோரும் என்னைப் பார்ப்பதாகவே தோன்றியது. நிலா மட்டும் பலகையை நக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உப்பு போக, நெல்லைத் தூற்றும் இயந்திரத்தில் ஒருமுறை விட்டு எடுத்தோம். மறுபடி எதில் பரப்புவது? மாமாவோடு வந்திருந்த அத்தை, தன் வீட்டுக்கு ஆள் அனுப்பி, நிலாவின் காதுகுத்து பேனரை எடுத்து வரச் சொன்னார். இருபதடி ஃப்ளெக்ஸ். நடுவில் கிரீடம் வைத்த நிலா. சுற்றிலும் கூலிங் கிளாஸ் போட்ட சொந்தக்காரர்கள். இரண்டு ஓரத்திலும் கும்பிட்டபடி அப்பாவும் மாமாவும், ஒவ்வொரு முகமும் அண்டா அகலம்.

குப்புறப் போட்டிருக்கலாம். ஆனால் அப்பாவையும் மாமாவையும் மண்ணில் குப்புறத் தள்ளினது போல் ஆகாதா? நிமிர்த்தியே போட்டேன்.

பலகை கூடாது. காலால்தான் கிளற வேண்டும். கிளறினேன். நிலா மேல் நடந்தேன், கணவர் மேல் இரண்டு தடவை கூடுதலாகவே நடந்தேன். அப்பா பக்கம் அப்பாவே நடந்துகொண்டார், அவர் முகத்தில் அவர் கால். மாமா முகத்துக்கு வந்ததும் எனக்குக் கால் வரவில்லை. சுற்றிப் போனேன்... ஒவ்வொரு தடவையும்.

மூன்று மணிக்கு எழுத்தர் வந்தார். நிலா பக்கம் பதினாறு. அப்பா பக்கம் பதினாறு. இன்னோர் ஓரத்தில் கையை விட்டார். பதினெட்டு.

"இதென்ன, இங்கன மட்டும் கிளறாமக் கெடக்கு?"

"அது... மாமா முகம் சார்" என்றேன்.

எழுத்தர் நெல்லை விலக்கிப் பார்த்தார். கீழே மாமா கும்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் குவியல்காரர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள்.

மாமா என்னையே பார்த்தார். வாசலில் வியாபாரி இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"ஏளா, நெல்லு போடு போடுன்னு ஒரு வருசம் என் உயிர எடுத்த. அப்ப இல்லாத மரியாத இப்ப எங்கருந்து வந்துச்சு? ஏறி மிதி."

குனிந்து பேனரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஏறினேன். நெற்றி, மூக்கு, மீசை... ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் ஒரு மன்னிப்பு.

"அந்த மீசைய நல்லா கிளறு, அங்கனதான் ஈரம் கெடக்கும்" என்றார் அத்தை. அவர் குரலில் ஒரு தனி உற்சாகம் இருந்ததாக எனக்குத் தோன்றியது. தப்பாகக்கூட இருக்கலாம்.

விதைக்கு அரசு மானியம் தருகிறது. விலைக்கு உத்தரவாதம் தருகிறது. மீட்டர் கூட வைத்திருக்கிறது. மாமனார் முகத்தை மிதிக்கத் தயங்கும் மருமகளுக்கு மட்டும் எந்தத் திட்டத்திலும் வழி இல்லை. அதை அந்தந்த வீட்டு மாமனார்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மணி நேரம் மிதித்தேன். மீட்டர் பதினாறரை காட்டியது. எட்டு மூட்டையும் எடையேறின. வியாபாரி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மாமா பேனரை உதறி மடித்தார். அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று நிலாவைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"அடுத்த வருசம் மொத்த வயல்லயும் நெல்லுதான். இந்த பேனர் பத்தாது, நிலா பொறந்த நாளுக்குப் பெருசா ஒண்ணு அடிச்சிரு" என்றார்.

தலையாட்டினேன்.

"என் மூஞ்சிய மட்டும் சின்னதாப் போடச் சொல்லு."