அவர் பேசி முடிக்கட்டும்

விருத்தாசலத்தில் நான் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியின் மீட்டிங் ரூமில், கூரையிலிருந்த ஸ்பீக்கர்களோடு ப்ளூடூத்தை இணைக்க ஒரு பெண் வந்திருந்தார். நடுத்தர வயது, சுடிதாருக்கு மேல் ஸ்பீக்கர் கம்பெனியின் சட்டை, காதில் சின்னக் கம்மல். மைக்கில் பேசும் முன் ஒவ்வொரு முறையும் காலி நாற்காலிகளைப் பார்த்து, "பேசலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார்.

நல்ல உச்சி வெயில் நேரம். சுவரிலிருந்த திரையில் ஒரு போன் இணைந்துவிட்டதாகக் காட்டியது. அதில் எங்கள் மேனேஜரின் பெயர் இருந்தது. தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், போன மாதம்தான் இறந்தார். அவர் மனைவியைக் கூப்பிட்டு, அந்த போன் எங்கே என்று கேட்டேன்.

"அது சார்ஜ் இல்லாம வூட்டு பீரோவுலதான் இருக்குது தம்பி," என்றார்.

ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. ஆனால் யாராவது பேசினால் அசையும் பச்சைக் கோடு, திரையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அந்தப் பேரை அழிச்சிடுங்க," என்றேன்.

"அவரு பேசி முடிக்கட்டுங்க," என்று அந்தப் பெண் கைகட்டி நின்றார்.

நானும் நின்றேன். கோடு அடங்கிய பிறகுதான் பெயரை அழித்தார்.

"என்ன சொன்னாருங்க?" என்று கேட்டேன்.

"எனக்கும் கேக்கலைங்க. ஆனா நடுவுல வெட்டுறது மரியாதை இல்லீங்களே."

டீ கூட வேண்டாமென்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பயமே அறியாத மனுஷி என்றுதான் நினைத்தேன். ஆனால் படி இறங்கும்போது அவருடைய கால்கள் நடுங்கின. கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். அவ்வளவு பயத்தோடா அங்கே நின்று காத்திருந்தார்?