ஆல்வினா கேட்ட சூப்

“பூர்வகுடியினரின் பண்பாட்டுப் பாதுகாப்புக்கும் இனவெறி எதிர்ப்புக்குமான ஒருங்கிணைப்பாளர்: கடினமான உரையாடல்களைத் தயக்கமின்றி முன்னெடுப்பவர், இரு உலகங்களுக்கு நடுவே பாலமாக நிற்பவர், தம் மக்களின் வழக்கங்களை நிறுவனத்தின் எல்லா மட்டங்களிலும் தெளிவாக விளக்க வல்லவர்.”

மன்றத்தின் இணையதளத்தில் நடீன் மோவாட்டின் படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறது. படத்தில் அவள் சிரிக்கிறாள். நேரில் அவள், கடினமான உரையாடல் ஒன்று நடைக்கூடத்தின் அந்தக் கோடியில் வருவதைக் கண்டால் கழிப்பறைக்குள் போய்விடுகிறவள். கடையில் காப்பியை மாற்றிக் கொடுத்துவிட்டால், திருப்பித் தரக் கூச்சப்பட்டு அதையே குடித்துவிடுகிறவள். பாலம் என்பதில் மட்டும் ஓரளவு உண்மை உண்டு. இரண்டு பக்கத்தாரும் அவள் மேல்தான் நடந்தார்கள்.

செவிலியர், கால் மருத்துவர், பல் துப்புரவாளர் என்று நோயாளியைத் தொடுவதற்கு உரிமம் தேவைப்படுகிற பல தொழில்களை மேற்பார்க்கிற மன்றம் அது. கனடாவின் வான்கூவரில், ஜன்னலோரம் உட்கார்ந்தால் கடல் தெரியும் ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. தன் உரிமம் பெற்றவர்கள் பூர்வகுடிகளான எங்கள் மக்களை நன்றாக நடத்தவில்லை என்று சில வருடங்களுக்கு முன் அது எழுத்தில் ஒப்புக்கொண்டது. தவறு செய்தது மன்றம். அதைத் திருத்த வேலைக்கு வந்தவள், எந்தத் தவறும் செய்யாத நடீன். வடக்கே ஸ்கீனா ஆற்றங்கரையிலுள்ள எங்கள் ஊர்ப் பெண். எங்கள் ஊரிலிருந்து ஒன்பதாவது மாடிக்குப் போனவர்கள் அதற்கு முன் ஜன்னல் துடைக்கப் போனவர்கள்தான்.

அவள் சோம்பேறி இல்லை. பயிற்சி வகுப்புகள் நடத்தினாள். புகார் கொடுத்தவர்களுக்கு மன்றம் அனுப்பும் கடிதங்களின் வாசகத்தை உட்கார்ந்து மாற்றினாள். முன்பெல்லாம் “உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது” என்று போகும். இப்போது “உங்கள் கதையை எங்களிடம் ஒப்படைத்ததற்கு நன்றி” என்று தொடங்கி, அதன் பிறகு புகார் முடித்துவைக்கப்பட்டது. எல்லோரும் மெச்சியது அவள் எழுதிய ஒரு விதியை: புகாருக்கு உள்ளானவர், புகார் கொடுத்தவரை எந்த வழியிலும் நெருங்கக் கூடாது. அது காரணமில்லாமல் வந்ததல்ல. ஒரு பல் மருத்துவர் நோயாளியின் வீட்டு வாசலில் நின்று கத்திவிட்டுப் போயிருந்தார். வேறு மன்றங்களும் அந்த விதியைக் கேட்டு வாங்கிக்கொண்டன.

இனி ஆல்வினா. நடீனுக்குப் பெரியம்மா, தவளைக் குலம், வீட்டின் பரம்பரைப் பெயர்களில் ஒன்றைத் தாங்குகிறவள். அந்தப் பெயருக்கு இந்த மாகாணத்தைவிட வயது அதிகம். ஒரு மார்ச் மாதக் காலையில், கால் புண்ணுக்குக் கட்டு மாற்றப் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனவளுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோய் வார்த்தை குழறியது. கெரி லின்டால் என்ற நர்ஸ் ஒரு பார்வை பார்த்தாள். “தெளிஞ்சதும் பாக்கலாம், உக்காருங்க” என்றாள். ஆல்வினா குடித்து முப்பது வருடமாகிறது. குடித்த காலத்திலும் காலையில் குடித்ததில்லை. நாற்காலியிலிருந்து வழிந்து தரையில் விழுந்தாள். மூத்திரம் போய்விட்டது. எதிர் நாற்காலிகளில் ஓநாய்க் குலத்தின் இரண்டு பெரியவர்கள், முழங்கால் வலிக்காக வந்தவர்கள், உட்கார்ந்திருந்தார்கள். பார்க்காதது போல இருக்க முயன்றார்கள். அதைவிடக் கொடுமை கிடையாது.

எங்களில் ஆள் விழுந்தால் கூடவே பெயரும் விழுகிறது. யார் தள்ளினார்கள் என்பது பிறகு. விழுந்த பெயரை வீட்டார் விருந்து வைத்துக் கழுவ வேண்டும். அடுத்த குலத்தாரை அழைத்து, நடந்ததை எல்லோர் முன்னும் சொல்லி, சோறு போட்டு, கை நிறையக் கொடுத்தனுப்ப வேண்டும். சாப்பிட்டவர்கள் அந்த வெட்கத்தையும் சேர்த்து எடுத்துப் போகிறார்கள். அதன் பிறகு அதை யாரும் வாயால் எடுக்கக் கூடாது. விழக் காரணமானவருக்கு ரோஷமிருந்தால் விருந்து வைக்கிறவர்களோடு நின்று சூப் வாளி தூக்குவார். அது இழிவில்லை, எங்கள் விருந்துக் கூடத்தில் குலத் தலைவியின் மகள்கள்தான் வாளி தூக்குகிறார்கள்.

ஆகவே மன்றத்தின் புகார்ப் படிவத்தில், ‘என்ன தீர்வை எதிர்பார்க்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு ஆல்வினா பென்சிலால் எழுதினாள்: “அந்த நர்ஸ் எங்கள் கூடத்துக்கு வந்து சூப் பரிமாற வேண்டும்.”

புகார் கொடுக்கச் சொன்னவளே நடீன்தான். சொந்தக்காரி என்பதால் வழக்கில் தலையிடக் கூடாது என்று ஒதுங்கியும் கொண்டாள். புகார்ப் பிரிவுத் தலைவர் ஃபிலிப் நல்ல மனிதர். காப்பி இயந்திரத்தின் முன்னால் அவளைப் பிடித்தார்.

“நடீன், இந்தக் கேஸ்ல நீங்க இல்லன்னு தெரியும். சும்மா ஒரு சந்தேகம். சூப்னு எழுதியிருக்காங்களே, அதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?”

அவளுக்குப் பின்னால் நாலு பேர் கோப்பையோடு நின்றார்கள். சொல்வதென்றால் பெயரிலிருந்து தொடங்க வேண்டும். பெயர், வீடு, விழுவது, மூத்திரம், ஓநாய்க் குலத்துப் பெரியவர்கள். பாதியில் ஃபிலிப்பின் முகம் மரியாதையாகக் கேட்கும் முகமாக மாறிவிடும். அந்த முகத்தை வைத்துக்கொள்ளப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

“அது… ஒரு உவமை மாதிரி” என்றாள்.

“ஓ! அதாவது, நாம மனசாரக் காது குடுத்துக் கேக்கணும்னு சொல்றாங்க.”

“ஆமா. அந்த மாதிரிதான்.”

“எவ்வளவு அழகா சொல்லியிருக்காங்க!” என்று ஃபிலிப் பால் ஊற்றிக்கொண்டார்.

கெரி லின்டால் இணைய வழிப் பயிற்சி ஒன்றை முடிப்பது என்று தீர்வானது. பயிற்சியும் நடீன் தயாரித்ததுதான். ஆல்வினாவுக்குக் கடிதம் போனது. வழக்கில் நடீன் இல்லை. கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் அவள் இருந்தாள்.

ஆல்வினா போன் செய்தாள்.

“கடுதாசி வந்துச்சுடி. ரொம்ப அழகு. என் கதைய ஒப்படைச்சதுக்கு நன்றியாம். நான் எங்கடி கதைய ஒப்படைச்சேன்? கால்ல புண்ணுன்னு போனேன், அங்க மானத்த ஒப்படைச்சுட்டு வந்தேன்.”

“பெரியம்மா…”

“‘கேட்கப்பட வேண்டும் என்ற தங்கள் விருப்பம்’னு போட்டிருக்கு. யாருக்கு அந்த விருப்பம்? இந்த ஊர்ல நான் பேசினா கேக்காம தப்பிச்சவன் எவன் இருக்கான்? சூப்பு எங்கடி?”

“நான் அந்தக் கேஸ்ல இல்ல, பெரியம்மா.”

“தெரியுது” என்று ஆல்வினா வைத்துவிட்டாள்.

அந்தக் கோடையில் நடீனுக்கு இன்னொரு அழைப்பு வந்தது. எடுத்தபோது யாரென்று புரியவில்லை. புரிந்தபோது வைக்கத் துணிவில்லை.

“நீங்கதானே அந்த கோர்ஸ் நடத்தறது? நான் கெரி லின்டால். தொண்ணூத்தாறு மார்க் வாங்கினேங்க. வாங்கிட்டு ரெண்டு நாள் தூங்கல. அந்த அம்மா விழுந்தத மார்க்குல எங்க போடறது? நான் அவங்களப் போய்ப் பாக்கலாமா?”

நடீன் விதியை எடுத்து வாசித்தாள். இரண்டு பத்திகள். குரல் நன்றாகவே இருந்தது.

“சரிங்க. அவங்க நல்லதுக்குத்தான் இருக்கும். யாரு எழுதினது?”

“மன்றம்” என்றாள் நடீன்.

அக்டோபரில் ஊருக்கு வந்தபோது நடீன் ஆல்வினாவின் காலைப் பார்த்தாள். பெருவிரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டியவள் மார்ச்சிலிருந்து போகவில்லை. பனி விழுவதற்குள் வராவிட்டால் விரலோடு நிற்காது, பாதமும் போகும் என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார்.

“வேற ஆஸ்பத்திரிக்குப் போலாம், பெரியம்மா. ரெண்டு மணி நேரம்தான். நானே கூட்டிட்டுப் போறேன்.”

“நான் அங்கயா விழுந்தேன்?”

வால்டர் மாமா, ஆல்வினாவின் தம்பி, கூடத்தை நவம்பருக்குப் பேசி வைத்திருந்தார். மூஸ் என்ற பெரிய மானின் இறைச்சி குளிர்பெட்டியில் உறைந்திருந்தது, மீன்நெய் ஜாடிகள் வந்துவிட்டன. ஆல்வினாதான் ஒத்துக்கொள்ளவில்லை.

“தள்ளுனவ இல்லாம எதக் கழுவறது? தரையவா?” என்றாள். “அவ வரட்டும். வந்தா அன்னைக்கே அந்த வாசல்ல நுழையறேன். இல்லன்னா காலு போனா போவுது, காலுக்குப் பேரு கிடையாது.”

நடீன் அப்போதுதான் சொன்னாள். அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“பெரியம்மா, ஆபீஸ்ல சூப்னா என்னன்னு கேட்டாங்க. நான்தான் உவமைன்னு சொல்லிட்டேன்.”

“அப்படின்னா?”

“ஒண்ணச் சொல்லி வேற ஒண்ணக் காட்டறது.”

கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது. ஆல்வினா எழவில்லை.

“நான் சூப்னு சொன்னா சூப்புடி” என்றாள். பிறகு கோபமில்லாத குரலில், “எங்களப் பத்திச் சொல்றதுக்கு உனக்கு வெக்கமா இருந்துச்சா?” என்றாள்.

நடீன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருந்துச்சுன்னு சொல்லு, இல்லன்னு சொல்லு. பெரியம்மாவுக்குத் தெரிஞ்சுக்கணும்.”

“இருந்துச்சு” என்றாள்.

ஆல்வினா தலையாட்டினாள். அன்று இரண்டு பேரும் தேநீர் குடிக்கவில்லை.

திங்கட்கிழமை நடீன் ஃபிலிப்பின் அறைக்குப் போனாள். கடினமான உரையாடல் ஒன்றைத் தயக்கமின்றி முன்னெடுக்க அவள் மூன்று முறை கதவு வரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது. சூப் உவமை இல்லை என்றாள். வழக்கத்தைச் சொன்னாள். ஃபிலிப் மரியாதையாகக் கேட்கும் முகத்தோடு கேட்டார்.

“ஆனா நடீன், ஒரு நர்ஸ ஊர் முன்னாடி நிறுத்திப் பரிமாற வைக்கறது… அவமானப்படுத்தறது ஆகாதா?”

“அவமானத்த எடுக்கறதுக்குத்தான் பரிமாறறது.”

“புரியுது, புரியுது. ஆனா நெருங்கக் கூடாதுன்னு விதி இருக்கே. உங்க விதி. மத்த மன்றங்களுக்கெல்லாம் நான் பெருமையா சொல்ற விதி. அத நீங்களே உடைக்கச் சொன்னா எப்படி?”

அவள் தலையாட்டினாள். நன்றி கூடச் சொன்னாள். கழிப்பறைக்குப் போய் ஒரு கதவுக்குப் பின்னால் நின்றாள். பிறகு கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கி, காருக்குள் உட்கார்ந்து, போனை எடுத்தாள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, எங்கள் கூடத்தின் சமையலறைக் கதவில் கெரி லின்டால் பெரிய டப்பா நிறைய உருளைக்கிழங்கு சாலட்டோடு நின்றாள். வெறுங்கையோடு வரக் கூடாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். என்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்லவில்லை. பின்னால் நடீன்.

“யாரு இது?” என்றார் வால்டர் மாமா.

“சூப்பு” என்றாள் நடீன்.

மாமா கெரியை மேலும் கீழும் பார்த்தார். “ம். ஏப்ரன் அந்த ஆணியில இருக்கு. அந்த டப்பாவ எங்கயாவது ஒளிச்சு வையி.”

கெரி கூடத்தின் நடுவில் நின்று சொன்னாள். நீளமாக இல்லை. “அவங்க குடிச்சிருக்காங்கன்னு நெனச்சேன். வாசனை கூடப் பாக்கல. கேக்கவும் இல்ல. விழுந்தப்பவும் உடனே எழுந்து வரல.” ஏப்ரனின் முனையைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள். “அதுக்குப் பேரு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.” யாரும் கை தட்டவில்லை, இது கை தட்டும் இடமில்லை. வாளியைத் தூக்கினாள். மூன்றாவது இருக்கையிலேயே வாளியை அதிகம் சாய்த்து, ஓநாய்க் குலத்துப் பெரியவரின் சட்டைக் கையில் சூப்பை ஊற்றிவிட்டாள். மார்ச்சில் எதிர் நாற்காலியில் இருந்தவர்களில் ஒருவர்.

அவர் கையைத் தூக்கிப் பார்த்தார். “இதுக்கு எப்ப விருந்து?” என்றார்.

கூடம் சிரித்தது. ஆல்வினாவும்தான். செவ்வாயன்று அவள் அதே வாசல் வழியாக ஆஸ்பத்திரிக்குள் போனாள். விரல் போயிற்று. பாதம் இருக்கிறது.

விருந்து முடியுமுன் வால்டர் மாமா வழக்கப்படி கேட்டார்: “வேற யாருக்காவது சொல்ல வேண்டியது இருக்கா?” ஆல்வினா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நடீன் கரண்டியோடு அண்டாவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்டாவில் ஒன்றுமில்லை. மாமா காத்திருந்தார். வழக்கத்தைவிட அதிகமாகவே காத்திருந்தார். பிறகு விருந்தாளிகளுக்குக் கொடுத்தனுப்ப ஆப்பிள்களைப் பங்கிட ஆரம்பித்தார்கள்.

கழுவினதைப் பேசக் கூடாது என்பது எங்கள் சட்டம். ஆல்வினா விழுந்ததை இங்கே சொன்னதற்கான தண்டம், ஒரு மூட்டை மாவு, வால்டர் மாமாவிடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. நடீன் காப்பி இயந்திரத்தின் முன்னால் சொன்னது கூடத்தில் வைத்துக் கழுவப்படவில்லை. அதனால் அதைப் பேசத் தடையில்லை, பேசுகிறார்கள். அவளும் அதை அறிந்திருக்கிறாள். ஊருக்கு வந்தால் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குப் போகிறாள்.

விதியை மீறியதற்காக மன்றம் அவளை விசாரிக்கிறது. தாமாகவே முன்வந்து சொன்னதற்கு நன்றி என்று கடிதம் வந்திருக்கிறது, அவள் வாசகத்திலேயே. படம் இன்னும் இணையதளத்தில் இருக்கிறது. கீழே எழுதியிருப்பதையும் மாற்றவில்லை. எங்களைக் கேட்டால் அங்கே இப்படி எழுதுவோம்:

நடீன் மோவாட் தான் எழுதிய விதியைத் தானே மீறி ஒரு நர்ஸுக்குப் போன் செய்தாள்; அவளைச் சமையலறைக் கதவு வரை கூட்டிவந்தாள்; சூப் வாளியை அவள் கையில் கொடுத்தாள்.