மீசையின் வேர்ப்பக்கம்

கத்தியை வைப்பதற்கு முன் பிபாலுக் மீசையிடம் ஒருமுறை கேட்டுவிடுவாள்: "சொல்லு, என்னத்தத் தின்ன?" சீல் என்னும் கடல்நாயின் மீசை பதில் சொல்லாது. ஆனாலும் கேட்காமல் வெட்டமாட்டாள். வேர்ப்பக்கம் அண்மைக்காலம், நுனி பழைய காலம். எள்ளளவு துண்டுகளாக நறுக்கி, வெள்ளீயத் தாளில் மடித்து ஆய்வுக்கூட எந்திரத்துக்குக் கொடுப்பாள். இரையில் இருப்பதைவிடத் தின்றதன் உடலில் கனமான நைட்ரஜன் கூடுதலாகத் தங்கும். இறால் தின்ற பருவத்தில் எந்திரம் வரையும் கோடு தாழ்ந்தும், பெரிய மீன் தின்ற பருவத்தில் உயர்ந்தும் வரும்.

வடகோடிப் பனிக்கடலோரத்து நூக் துறைமுகத்தில், சீல் பிடிக்கும் வேட்டைக்காரர்களுக்கு அவள் மீசைக்காரி.

"இந்தா மீசைக்காரி, ஒனக்காக ஒவ்வொண்ணா வேரோட புடுங்கினேன். எம் பொண்டாட்டி மூஞ்சியக்கூட இவ்வளவு நேரம் பாத்ததில்ல" என்பான் கில்லாக்.

"அவ பொழச்சா" என்பாள் இவள்.

போன இலையுதிர் காலத்தில், ஃபியோர்ட் என்னும் மலையிடுக்குக் கடற்கழியின் முகத்துவாரத்தில் அவள் தம்பியின் படகு கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை. ஊர் வழக்கப்படி அவன் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஒரு குழந்தைக்கு வைக்கும்வரை அந்தப் பெயர் வாயில் வரக்கூடாது. அம்மா மலீனா "அவன்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். சீல் கறியையும் அன்றோடு நிறுத்திவிட்டாள். சீல் இல்லாத சாப்பாடு அவளுக்குச் சாப்பாடே இல்லை. குளிர்காலம் முழுக்கக் காப்பியும் ரொட்டித் துண்டும்தான். கன்னத்தில் எலும்பு துருத்திவிட்டது. படி ஏற முடியவில்லை.

"அது வாயில என்ன போச்சுன்னு யாரு கண்டா?"

"சீல் மனுஷனத் தின்னாதும்மா."

"ஒன் எந்திரம் பாத்துச்சா?"

மார்ச் மாதம் அதே முகத்துவாரத்தில் கில்லாக் ஒரு சீலைப் பிடித்தான். ஈரலை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மீசையை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனாள் பிபாலுக். அன்று மீசையிடம் எதுவும் கேட்கவில்லை.

கோடு சீராகத்தான் வந்தது. இலையுதிர் காலத் துண்டில் மட்டும் விருட்டென்று மேலே ஏறி, மறுபடி இறங்கியது. அதே முகத்திலிருந்து வேறொரு மீசையை நறுக்கிப் பார்த்தாள். அதே இடத்தில் அதே ஏற்றம். பட்டினி கிடக்கும் விலங்கு தன் சதையையே கரைத்துத் தின்னும்போது கோடு இப்படி ஏறும். மீனும் சீலும் தின்றே வளர்ந்த ஓர் உடலைத் தின்றாலும் ஏறும். இரண்டில் எது என்று எந்திரம் சொல்லாது. வெப்பக்காற்றில், தட்டிலிருந்த மற்ற மீசைகள் மோப்பம் பிடிப்பதுபோல ஒரே பக்கமாக அசைந்தன. பின்னாலிருந்து யாரோ மூச்சை இழுத்துவிட்டது போலிருந்தது. அவள் திரும்பவில்லை.

வீட்டில் அம்மா மேலங்கியைக்கூடக் கழற்றவிடவில்லை.

"என்ன சொல்லுச்சு?"

"பட்டினி கெடந்திருக்கும்மா."

"சீலா? பட்டினியா?"

"ஆமா. தன் சதையவே தின்னுக்கிட்டு."

அம்மா தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். ஈரல் வேகும் வாசனை சமையலறைக்குள் எத்தனையோ மாதங்களுக்குப் பின் எழுந்தது. வெந்ததும் ஒரு துண்டை அறுத்தாள். தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கத்தி முனையில் குத்தி மகளிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீ."

பிபாலுக் அம்மாவின் கண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறந்தாள்.