ஒற்றை விரல் வணக்கம்

டிராம் ஓட்டுநரைப் பார்த்து ஆட்காட்டி விரலைத் தூக்கினார் கெல்வின். ஒரே ஒரு விரல். கையின் மற்ற பாகத்துக்கெல்லாம் ஓய்வு. ஓட்டுநர் கண்டுகொள்ளாமல் போனார். அடுத்து வந்த டிராமுக்கும் தூக்கினார்.

“இந்த ஊர்க்காரங்களுக்கெல்லாம் விரல் சுளுக்கிக்கிச்சா என்ன?”

“விரலை மடக்கிப் பைக்குள்ள வை. பாக்கறவன் சிரிக்கிறான்,” என்றார் மனைவி ரேலீன்.

கோதுமைச் சீமையில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர் கெல்வின். அந்த நீண்ட சாலையில் எதிரே வண்டி வருவதே அபூர்வம். வந்தால், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் விரலை மட்டும் உயர்த்துவதுதான் வணக்கம். உயர்த்தாதவன் ஒன்று பகையாளி, இல்லாவிட்டால் தூங்கிக்கொண்டே ஓட்டுகிறவன். பழகிப் பழகி அந்த விரல் இப்போதெல்லாம் அவரிடம் அனுமதி கேட்பதில்லை. சர்ச்சில் பாதிரியாரைக் கண்டால் எழும். கண்ணாடியில் அவர் தன்னையே பார்த்தாலும் எழும்.

மெல்போர்னைச் சுற்றிப்பார்க்க அவர் போட்ட திட்டத்தில் செலவு என்ற சொல்லே கிடையாது. நகர நடுவில் டிராம் ஓசி என்பதால், காலை முழுக்க ஒரே தெருவில் போய்ப் போய்த் திரும்பினார்கள். சந்தையில் பாலாடைக்கட்டி ருசி பார்க்கக் கொடுத்தார்கள். கெல்வின் தொப்பியோடு ஒருமுறை, தொப்பியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை ருசி பார்த்தார்.

“வேற ஆளுன்னு நெனச்சுக்குவான்.”

“அந்த மூக்கைப் பாத்துமா?” ரேலீனுக்கு மானம் போயிற்று. ஆனாலும் பாதித் துண்டை வாங்கித் தின்றார்.

ஓசி டிராம் முடிகிற இடத்திலிருந்து நடை. பக்கத்துப் பேட்டையான கார்ல்டனில் ஒரு சந்துக்குள் சனிக்கிழமைக் கூட்டம் நின்றது.

“ரே, வீட்டு ஏலம்! இதுக்கு டிக்கெட்டே கிடையாது!” கெல்வின் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு எதிர் வீட்டுக் குட்டைச் சுவரில் இடம் பிடித்து உட்கார்ந்தார். ரேலீன் முட்டை சாண்ட்விச்சைப் பிரித்தார்.

நீல கோட்டுப் போட்ட ஏலக்காரர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். கூட்டத்தின் அந்தப் பக்கம் சேறு காய்ந்த பூட்ஸோடு ஒருவர் நின்றார். பார்த்த மாத்திரத்தில் நம்ம பக்கத்து ஆள் என்று கெல்வினுக்குத் தெரிந்துவிட்டது. விரல் எழுந்தது.

“பதினாலு லட்சம் டாலர்! தொப்பிக்கார அண்ணன் கேட்டுட்டாரு!”

“எவனோ ஒரு தொப்பிக்காரன் மாட்டிக்கிட்டான், பாவம்,” என்றார் கெல்வின்.

ரேலீன் கூட்டத்தை ஒருமுறை நோட்டம் விட்டார். வேறு தொப்பியே இல்லை. “யோவ், நீதான்யா அது!”

“ஒரு தரம்!”

ஊரில் அவர்கள் வீட்டையும் பழைய காரையும் சேர்த்து விற்றாலும் இந்த வீட்டின் மாடிப்படிக்குத்தான் தேறும். கெல்வின் ‘இல்லை’ என்று சொல்ல வாயைத் திறந்தார். முட்டைதான் வெளியே வந்தது. தலையை ஆட்டினார்.

“தலையாட்டுறாரு பாருங்க, உறுதியா இருக்காரு! ரெண்டு தரம்!”

ரேலீன் அவர் தலையைப் பிடித்து நிறுத்தினார். அப்போதுதான் பூட்ஸ்காரர் கெல்வினைக் கவனித்தார். முகமெல்லாம் மலர, மரியாதைக்கு மரியாதையாக அவரும் ஒரு விரலைத் தூக்கினார்.

“பதினாலரை! பூட்ஸ் அண்ணன்!”

“பாத்தியா ரே! ஒருத்தனாவது பதிலுக்குக் காட்டினான்!” கெல்வினுக்கு உயிர் திரும்பியது. அதே நொடியில் பூட்ஸ்காரரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. பக்கத்திலிருந்த அவர் மனைவி கைப்பையாலேயே அவரை மொத்தினார்.

“நம்மாலதானே மாட்டிக்கிட்டான். நான் மேல கேட்டாத்தான் அவன் தப்பிப்பான்…” என்றார் கெல்வின்.

“கேட்டுப் பாரு. விரலை ஒடிச்சுக் கையில குடுத்துடறேன்.” ரேலீன் நிஜமாகவே பயந்துபோனார். இந்த மனுஷர் நல்ல மனசில் எதையும் செய்வார்.

“ஒரு தரம்! ரெண்டு தரம்!”

“பதினஞ்சு!” என்றார் முன்வரிசையில் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண். வாங்கவென்றே வந்தவர்.

பூட்ஸ்காரர் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். கெல்வினோ இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகி, அவற்றின் மேல் முழு பாரத்தையும் போட்டு அமர்ந்தார்.

“ஏலம் இன்னும் முடியல. கையை வெளிய எடுக்க மாட்டேன்,” என்றார்.

மிச்ச சாண்ட்விச்சைத் துண்டு துண்டாகப் பிய்த்து, ரேலீன் அவருக்கு ஊட்டிவிட ஆரம்பித்தார்.