மகளின் பையில் இருந்த கத்தி

பள்ளிக்கூட அதிபர் கத்தியை மேசைமேல் வைத்தார். பலாபத்வல ஊர்க் கொல்லர் ஒருவர் உடைந்த அரிவாளில் அடித்து, கொய்யாக் கட்டையில் பிடி போட்டுக் கொடுத்த சின்னக் கத்தி. என் அம்மாவுடையது. அது என் மகளின் புத்தகப் பையில் இருந்ததாம்.

"எதுக்குடி இது?" என்றேன்.

"பஸ்ல தோடம்பழம் உரிக்கம்மா," என்றாள் என் முகத்தைப் பார்க்காமல்.

கையில் எடுத்தேன். பிடியில் தோடம்பழத் தோலின் காரமான வாசம்.

அப்போது எனக்கு ஏழெட்டு வயது. வில்கமுவவில் இருந்த மாமா வீட்டுக்கு நெரிசலான பஸ்ஸில் போவோம். காலையில் பலாக்கொட்டை சீவிய அதே கத்தியை அம்மா இடுப்பில் செருகிக்கொள்வாள். என்னை ஜன்னலோரம் உட்கார வைப்பாள். பக்கத்தில் நிற்கும் ஆள் எவனாவது அவள் தோளில் சாய்ந்தால், கத்தியை எடுத்துத் தோடம்பழம் உரிக்கத் தொடங்குவாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே. பஸ் குலுங்குது, கை தவறிரும்," என்பாள் சிரித்தபடி.

ஆள் தள்ளிப் போவான். சுளைகளை நான் தின்பேன். அம்மா ஒன்றுகூடத் தின்றதில்லை. பழம் எனக்காகத்தான் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இப்போது எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

"நீங்கதான் குடுத்து விட்டீங்களா?" என்று அதிபர் கேட்டார். மகளின் பக்கம் திரும்பினேன்.

"எந்த பஸ்டி?"

"ரெண்டு மணி பஸ்."

வேறு எதிலும் ஏறாதே, அதிலேயே வா என்று சொன்னவள் நான்தான்.