மொட்டைத் தேசிக்காய்

பிரிஜ்ஜைத் திறந்தபோது தேசிக்காய்கள் மொட்டையாக இருந்தன. யாரோ தோலை மட்டும் மெல்லியதாகச் சீவி எடுத்துவிட்டு, வெள்ளை உடம்போடு அவற்றை ஒரு கோப்பையில் அடுக்கி வைத்திருந்தார்கள். பிழிந்துவிட்டுத் தோலை எறிகிறவர்களைக் கண்டிருக்கிறேன். ஊறுகாய்க்குத் தோலோடு வெட்டுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். தோலை எடுத்துக்கொண்டு காயை விட்டுவைக்கிறவர்களை அதுவரை கண்டதில்லை.

எனக்கு முதலில் வந்த யோசனை நல்ல யோசனை அல்ல. தேசிக்காயைப் புதைத்து ஒருவருக்கு என்னென்ன சூனியம் செய்யலாம் என்று எங்கள் சண்டிலிப்பாயில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். வேலியோரம், கிணற்றடி, படலைக்கு வெளியே எல்லாம் போய்ப் பார்த்தேன். மண் கிளறிய அடையாளம் எங்கும் இல்லை.

வீட்டில் அப்போது மூன்று பேர்தான். நான், லண்டனிலிருந்து வந்திருந்த என் ஒரே மகள், அவளுடைய மனுசன். பங்குனிக் கடைசியில் வந்தவர்கள், சித்திரை வெயில் முழுவதும் இங்கேயே நிற்கப்போவதாகச் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் கம்பியூட்டரில் வேலை. அதை எங்கே இருந்தும் செய்யலாமாம். செய்யட்டும். ஆனால் வெயிலைத் தேடி யாராவது யாழ்ப்பாணத்துக்கு வருவார்களா? அவர்கள் வந்திறங்கிய அன்றைக்கே எனக்கு அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் மீன் எடுப்பதற்கு பிரிஜ்ஜின் மேல்தட்டைத் திறந்தேன். மீனுக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் படுத்திருந்தது. உள்ளே தண்ணீர் மாதிரித்தான் இருந்தது. ஆனால் மேல்தட்டில் இருந்த மற்றத் தண்ணீரெல்லாம் கட்டியாகியிருக்க, இது மட்டும் ஆடியது. கட்டியாகாத தண்ணீர் தண்ணீர் அல்ல. போத்தலில் எழுதியிருந்தது இங்கிலீசு. தமிழே எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். உடுப்பு அலுமாரிக்குள் போடும் பூச்சி உருண்டையையும் தேசித் தோலையும் சேர்த்துக் கசக்கினால் வரும் மணம்.

பின்னேரம் மருமகனிடம் கேட்டேன்.

“தம்பி, மீனுக்குப் பக்கத்திலை படுத்திருக்கிறவர் ஆர்?”

அவர் ஒளிக்கவில்லை. “அது ஜின், மாமி. வெயிலுக்கு நல்லது.”

“ஆர் சொன்னது?”

“நான்தான்” என்று சிரித்தார்.

குடிக்கிற ஆண்களை நான் அறியாதவள் அல்ல. என் கணவரும் உயிரோடு இருந்த காலத்தில் கலியாண வீடு, செத்த வீடு என்றால் வளவின் பின்பக்கம் போவார், வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பி வருவார். நான் கேட்கமாட்டேன், அவரும் சொல்லமாட்டார். அது ஒரு மரியாதை. இவர் குசினியை ஒட்டிய விறாந்தையில், வெளிச்சத்தில், மேசை போட்டு இரண்டு கிளாஸ் வைத்தார். இரண்டாவது கிளாஸ் என் மகளுடையது.

ஒரு சொல் சொன்னால் அவள் ரிக்கற்றை மாற்றிக்கொண்டு போய்விடுவாள். ஆனால் வாயை மூடியதற்காகக் கண்ணையும் மூட வேண்டும் என்றில்லை. குசினி யன்னலில் நின்றால் அந்த மேசை வடிவாகத் தெரியும். ஒவ்வொரு பின்னேரமும் நின்றேன்.

அவர் கலக்கும் முறை இதுதான். முதலில் கிளாஸ் நிறைய ஐஸ்கட்டி. சீவி வைத்த தேசித் தோலை முறுக்கி, கிளாஸின் விளிம்பைச் சுற்றித் தேய்ப்பார். தேசிக்காய்கள் மொட்டையான காரணம் அப்போதுதான் விளங்கியது. ஒரு குட்டிக் கிண்ணத்தால் ஜின்னை அளந்து ஊற்றுவார். பிறகு கசப்புச் சோடாவைக் கரண்டியின் முதுகில் வழியவிடுவார், பொங்கக்கூடாதாம். கடைசியில் வெள்ளரிக்காயை நாடா மாதிரிச் சீவி உள்ளே செருகுவார். பூசைக்குச் சாமான் எடுத்துவைக்கிற ஐயர்கூட அவ்வளவு கவனமாகச் செய்யமாட்டார்.

பிறகு அவருக்கு ஊர்ச் சாமானில் ஆசை வந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பனங்கட்டி வாங்கிவந்து, இஞ்சி தட்டிப்போட்டுப் பாகு காய்ச்சினார். சட்டி அடிப்பிடித்துப் புகைந்தது. என் குசினியில் ஒரு பாகு கருகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

“விலகுங்கோ தம்பி” என்றேன்.

நானே காய்ச்சி, வடித்து, ஆறவிட்டுப் போத்தலில் நிறைத்துக் கொடுத்தேன். குடிக்கிறதற்கு உதவி செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாகு பாகுதான், அதை யார் எதற்குள் ஊற்றுகிறார்கள் என்பது அவர்கள் பாடு. அன்றைக்கு மகள் ஒரு வாய் குடித்துவிட்டு, “அம்மா, நீங்கள் லண்டனிலை கடை போடலாம்” என்றாள். எனக்குச் சந்தோசமாக இருக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

சித்திரை வருடப்பிறப்புக் கழிந்த கையோடு ஒரு மாற்றம் வந்தது. அதுவரை என் யன்னலைப் பார்த்தபடி கலந்தவர், கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டிக் கலக்கத் தொடங்கினார். நான் சாமியறை யன்னலுக்கு மாறினேன். அங்கிருந்து பக்கவாட்டில் தெரியும். குட்டிக் கிண்ணம் இரண்டு தரம் அவருடைய கிளாஸுக்குள் கவிழ்ந்தது. மகளுடைய கிளாஸுக்குள் ஒரு தரமும் கவிழவில்லை. கசப்புச் சோடாவும் இல்லை, வெறும் சோடா. மற்றப்படி அதே ஐஸ், அதே தோல், அதே பாகு, அதே வெள்ளரிக்காய். மேசையில் வைத்தால் இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. இரண்டு பேரும் கிளாஸைத் தட்டிக்கொண்டு குடித்தார்கள். நான் கேட்கும்படியாக மகள், “இண்டைக்குக் கொஞ்சம் கடுமை” என்று வேறு சொன்னாள்.

குடிப்பதை ஒளிப்பது எனக்கு விளங்கும். குடிக்காததை எதற்கு ஒளிப்பது?

வருத்தம் ஏதுமோ என்று நினைத்தேன். லண்டனில் டொக்டர் ஏதும் சொல்லி, அதை என்னிடம் மறைக்கத்தான் வெயிலில் வந்து நிற்கிறார்களோ என்று நினைத்தேன். இரண்டு இரவு சரியாக நித்திரை இல்லை. பிறகு ஒரு நாள் பல்லுக் குத்துகிறது என்று இரண்டு பேரும் யாழ்ப்பாணம் ரவுனுக்குப் போனார்கள். பல் டொக்டரைப் பார்த்துவிட்டு வந்தவள், வந்ததும் வராததுமாக என் முறுக்குப் பேணியைத் திறந்து கடித்துக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டியில் சந்தைக்குப் பறந்து திரிந்தவள் அதையும் விட்டுவிட்டாள். கிணற்றடியில் வாளியைத் தூக்கப் போனால் மருமகன் எங்கிருந்தாவது ஓடிவந்தார்.

அன்று பின்னேரம் அவர்கள் உள்ளே போனதும் அவளுடைய கிளாஸை எடுத்து, அடியில் கிடந்த மிச்சத்தை வாயில் விட்டுப் பார்த்தேன். தேசிக்காய், இஞ்சி, என் பாகு. வேறொன்றும் இல்லை. சாமியறைக்குள் போய் இருந்துவிட்டேன். விளக்கு ஏற்றவில்லை. ஏற்றினால், ஏன் இந்த நேரத்தில் விளக்கு என்று கேட்பாள்.

அவளுக்குக் கலியாணமாகிக் கனகாலம். இரண்டு முறை வயிற்றில் பிள்ளை தங்கியது. இரண்டு முறையும் மூன்று மாதம் தாண்டவில்லை. இரண்டு முறையும் அவள் போனில் சொன்ன அன்றே, நான் என் கணவரின் தங்கைக்குச் சொன்னேன். மச்சாள்தானே, வேறு யாரிடம் சொல்வது? மச்சாள் உடுவிலில் இருக்கிறா. அவவின் கதை உடுவிலில் நிற்காது. பிள்ளை இல்லாமல் போனபோது கனடாவிலிருந்தும் ஆட்கள் மகளுக்குப் போன் எடுத்து விசாரித்தார்கள். இரண்டாம் முறை அவள் என்னிடம் சத்தம் போடவில்லை.

“அம்மா, அது போனது ஒருக்கா. நான் அதைச் சொன்னது ஐம்பது தரம்” என்றாள்.

இனி எனக்குச் சொல்லமாட்டாள் என்று அன்றைக்கே தெரியும். ஆனாலும் இப்படி நினைக்கவில்லை. குடிப்பதை நிறுத்தினால் அம்மா மணந்து பிடித்துவிடுவா என்று, குடிக்கிற மாதிரியே நடித்திருக்கிறாள். நான் அவளைக் குடிகாரி என்று நினைத்தாலும் பரவாயில்லை, பிள்ளை இருப்பது மட்டும் எனக்குத் தெரியக்கூடாது. அது எனக்குச் சுட்டது. சுட்டாலும், இந்த முறை அந்தப் பிள்ளை நிற்க வேண்டும். நானும் தெரியாதவள் மாதிரியே யன்னலில் நின்றேன்.

அப்படியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஒரு சீப்புக் கதலி வாழைப்பழத்தோடு மச்சாள் வந்தா. சொல்லாமல்தான் வந்தா, அவ அப்படித்தான். விறாந்தை மேசையில் போத்தலும் இரண்டு வெறுங்கிளாஸும் ஐஸும் இருந்தன. மச்சாள் மேசையை ஒரு தரம் பார்த்தா. மகளை அதைவிட அதிகநேரம் பார்த்தா.

“என்ன பிள்ளை, கண்ணெல்லாம் உள்ளுக்குப் போய்க் கிடக்கு?”

“வெயில் மாமி” என்றாள் மகள்.

“வெயில் எல்லாருக்கும்தானே அடிக்குது.” மச்சாளின் பார்வை மகளின் முகத்திலிருந்து இறங்கி வயிற்றில் நின்றது. “ஏதும் விசேஷமோ?”

மருமகன் கையில் எடுத்த ஐஸ்கட்டியோடு அப்படியே நின்றார், தண்ணீர் விரலால் வடிந்தது. இத்தனை நாளும் என்னை ஏமாற்றிய இரண்டு பேரும் மச்சாளின் ஒரு கேள்விக்கு ஊமையாகிவிட்டார்கள்.

“விசேஷமோ?” என்றேன் நான். “நல்லாக் கேட்டியள் மச்சாள். உவள் பின்னேரமானால் ஜின் குடிக்கிறவள். நேற்றும் குடிச்சவள். கண் உள்ளுக்குப் போகாமல் என்ன செய்யும்?”

எங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி ஊரில் ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. முதல் சொல்லை நானே சொன்னேன்.

“மெய்யே?” என்றா மச்சாள்.

“ஓம். தம்பி, விலகுங்கோ. இண்டைக்கு நான் கலக்கிறன்.”

மருமகன் முதுகு காட்டுகிற அதே பக்கமாக நானும் திரும்பி நின்றேன். ஐஸைப் போட்டேன். தோலை முறுக்கித் தேய்த்தேன். குட்டிக் கிண்ணத்தை இரண்டு தரம் நிறைத்து அவருடைய கிளாஸுக்குள் விட்டேன். மகளுடைய கிளாஸுக்குமேல் வெறுங்கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, வெறும் சோடாவை ஊற்றினேன். இரண்டிலும் பாகு விட்டேன். மருமகன் என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் வெள்ளரிக்காயைச் சீவிக்கொண்டிருந்தேன். மகள் வாங்கி ஒரு வாய் குடித்தாள், கிளாஸுக்கு மேலால் என்னைப் பார்த்தாள், பிறகு மிச்சத்தையும் குடித்தாள்.

“என்ரை அண்ணை உயிரோடை இருந்திருந்தால் உதைப் பாத்துக்கொண்டிருப்பாரோ?” என்றா மச்சாள்.

“இருந்திருந்தால் தனக்கும் ஒண்டு கேட்டிருப்பார்.”

“உதுக்குள்ளை அப்பிடி என்னதான் கிடக்கு?”

“மரக்கறிதான் அன்ரி” என்று மருமகன் தன் கிளாஸை நீட்டினார். “நான் இன்னும் வாய் வைக்கேல்லை. மணந்து பாருங்கோ.”

மச்சாள் மணந்தா. “சீ, பூச்சி உருண்டை” என்றா. ஆனால் கிளாஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை. என்னதான் என்று பார்ப்போம் என்று ஒரு சொட்டு நாக்கில் விட்டா. பிறகு ஒரு வாய்.

“பனங்கட்டியோ?”

“ஓம். என்ரை பாகு.”

“அதுதானே பாத்தன்” என்று சொல்லி இன்னுமொரு வாய் குடித்தா. அது பெரிய வாய். கிளாஸில் பாதி இறங்கிவிட்டது. போகும்போது படலையடியில் செருப்பு ஒன்றைத் தேடிக் கொஞ்சநேரம் நின்றா. அது அவவின் காலில்தான் இருந்தது.

மச்சாள் போனபிறகு மகள், “அம்மா” என்று தொடங்கினாள்.

“எனக்கு ஒண்டும் தெரியாது. நீ ஒண்டும் சொல்லவும் வேண்டாம்” என்றேன். “கிளாஸைக் கழுவி வை.”

அவள் கழுவவில்லை. என் பக்கத்தில் வந்து இருந்தாள். இருட்டும்வரை இருந்தாள்.

மச்சாள் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தா. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஒருத்தி என் காதுக்குள் வந்து, “உங்கடை மகள் குடிக்கிறாவாம், மெய்யோ?” என்றாள்.

“ஓம்” என்றேன். “தேசிக்காய் போட்டு.”

அவர்கள் திரும்பிப் போனபிறகும் அந்தப் பெயர் எங்கள் வீட்டில்தான் இருந்தது. நான் அதைத் துடைக்கப் போகவில்லை. குடிகாரியைப் பற்றிக் கதைக்கிறவர்கள் வேறொன்றும் கேட்கமாட்டார்கள்.

இப்போது சொல்லலாம். பேத்தி பிறந்து, முப்பத்தோராம் நாள் துடக்கும் கழிந்துவிட்டது. செய்தி அறிந்த மச்சாள் போன கிழமை வந்தா. கதிரையில் இருந்து, விரல் மடித்து மாதங்களை எண்ணினா. ஒரு தரம் எண்ணிவிட்டுத் திரும்பவும் எண்ணினா.

“மச்சாள், எனக்கு ஒரு கணக்கு இடிக்குது” என்றா. “அண்டைக்கு நான் வந்த நேரம், உங்கடை மகள் வயித்திலை பிள்ளையோடையோ குடிச்சவள்?”

நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து, அவவின் கையில் கொடுத்துவிட்டு இருந்தேன். அவசரம் ஒன்றும் இல்லை.

“அண்டைக்கு இந்த வீட்டிலை ஜின் குடிச்ச பொம்பிளை” என்றேன், “நீங்கள் ஒராள்தான் மச்சாள்.”